நிமிஷம் சார் பார்க்காமல் எழுதிய கப்பல்

துறைமுக அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. நான் டைப்பிஸ்ட். அவர் கப்பல் வருகைப் பதிவேட்டு எழுத்தர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. எல்லோருக்கும் அவர் நிமிஷம் சார்தான்.

ஒரு கப்பல் எந்த நிமிஷத்தில் வந்தது என்று எழுதுவது அவர் வேலை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வாடகை, அபராதம், வரி எல்லாம் அந்த நிமிஷத்தை வைத்துத்தான் கணக்காகும். கப்பலின் முதல் கயிறு, கப்பல் அணையும் மேடையான ஜெட்டியில் இருக்கும் இரும்புக் கட்டையில் விழுகிற நிமிஷம்தான் வருகை நேரம் என்பது சட்டம். மற்ற துறைமுகங்களில் யாராவது வந்து சொல்வார்கள், எழுத்தர் உட்கார்ந்த இடத்திலேயே எழுதுவார். நம்மவர் அப்படியில்லை. மழையோ வெயிலோ, எழுந்து ஜெட்டிக்கு நடப்பார். கயிறு விழுவதைக் கண்ணால் பார்ப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு அந்த நேரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வருவார். வழியில் யார் வணக்கம் சொன்னாலும் பதில் வராது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பேசினால் நிமிஷம் தவறிவிடும் என்று பயம். சுமைதூக்குகிறவர்கள் வேண்டுமென்றே வழிமறித்து, "சார், சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவர் முறைத்துக்கொண்டே போவார். நானும் இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். பதிவேட்டில் எழுதி மை உறிஞ்சும் தாளை ஒற்றிய பிறகுதான் நிமிர்ந்து, "சாப்பிட்டாச்சும்மா" என்பார்.

இருபத்தாறு வருஷம் அப்படியே ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கி, கட்டிக்கொடுத்து, அவள் வீட்டிலேயே முன்னறையில் இருந்தார். தங்கைக்குப் பின்னலாடை ஆலையில் வேலை. அவள் கணவர் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் சமையல்காரர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார். அந்த நாலு நாளும் நிமிஷம் சார் கொண்டுவரும் சாப்பாட்டுக் கேரியரின் வாசனை அலுவலகத்தைத் தூக்கும். "மாப்பிள்ளை வந்திருக்கார்" என்று யாரும் கேட்காமலேயே சொல்வார்.

எங்களுக்குள் தகராறு நூலால் வந்தது. என் வீட்டுக்காரர் நூற்பாலையில் வேலை பார்த்தார். வெளிநாட்டு நூல் அடிமாட்டு விலைக்கு வந்து குவிய, எட்டு மாதமாக அவருக்கு அரை நாள் வேலை, அரைச் சம்பளம். அந்த நூலுக்குப் பெரிய வரி போட வேண்டும் என்று நூற்பாலைக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். வரி போட்டால் எங்கள் கதி அவ்வளவுதான் என்று பின்னலாடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் எங்கள் மேஜைகளுக்கு நடுவே அதே சண்டை நடக்கும்.

"உங்க தங்கச்சி மில்லுல எங்க நூலையே வாங்கலாமே சார். ரெண்டு வீடும் பொழைக்கும்ல?"

"அந்த நூல் மெஷின்ல மூணு வாட்டி அறுந்துபோகுதும்மா. தங்கச்சி விரலைப் பாரு, முடிச்சுப் போட்டுப் போட்டுப் புண்ணாப் போயிருக்கு."

"வெளிநாட்டுக்காரன் அடக்கத்துக்கும் கீழ விக்கிறான். எங்க மில்லுங்கள மூட வச்சுட்டு, அப்புறம் விலைய ஏத்துவான். அப்ப என்ன செய்வீங்க?"

"நீ அவன் நூலுக்கு வரி போட்டா, அவன் நம்ம மரத்துக்குப் போடுவான். ஏற்கெனவே போட்டுட்டான். மரவாடியில ஒரு ஆள் இல்ல, போய்ப் பாரு."

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இரண்டு அரசாங்கமும் மாறி மாறி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் இரண்டு கேரியருக்கும் நடுவில்தான் அந்தச் சண்டை வந்து விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைநகரத்திலிருந்து தந்தி வந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து வெளிநாட்டு நூலுக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து வரி. அதற்கு முன் வந்துசேர்ந்த கப்பல்களுக்குப் பழைய ஐந்துதான். முன்கூட்டிச் சொன்னால் வியாபாரிகள் முந்திக்கொள்வார்கள் என்று கடைசி நேரம்வரை மூடி வைத்திருந்தார்கள். அதை டைப் அடித்தது நான். ஒவ்வொரு எழுத்தையும் சந்தோஷமாகத்தான் அடித்தேன், பொய் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுத் திரும்பினால், நிமிஷம் சார் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

மாப்பிள்ளை வேலை செய்த கப்பல் அன்றைக்குத்தான் வர வேண்டும். சரக்கு முழுக்க நூல், எல்லாம் தங்கையின் ஆலைக்கு. பத்தே முக்காலுக்குக் குன்றின் மேலிருந்த கண்காணிப்பு ஆள், கடைசி மிதவைக்குப் பக்கத்தில் அந்தக் கப்பலைப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் தூரம். பதினொன்றுக்கு மூடுபனி இறங்கியது. அந்த மாதிரிப் பனியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த கொடிக்கம்பம் பாதியில் நின்றுபோனது.

பதினொன்றரைக்குத் தங்கை ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பனித்துளி. கூடவே கப்பல் ஏஜென்ட், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"அண்ணா, முதலாளி சொல்லிட்டாரு. இந்தச் சரக்குக்குப் புது வரின்னா சாயங்காலமே கேட்டை இழுத்துப் பூட்டிடுவாராம். இருநூத்தி அறுபது பொம்பளைங்கண்ணா. கப்பல் அங்கதான நிக்குது. பனிதான் மறைக்குது. எழுதிடுண்ணா."

"கயிறு விழலையேம்மா."

"அரை மணி முன்னப் பின்ன விழும். அவரு வந்து இறங்கும்போது எனக்கு வேலை இல்லேன்னு சொல்லணுமா?"

அவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து, நாலாம் ஜெட்டி, பதினொன்று ஐம்பத்திரண்டு என்று எழுதினார். தங்கை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆலைக்கு ஓடினாள்.

அவர் திரும்பி வந்தபோது உதடு அசையவில்லை. நான் அதைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபத்தாறு வருஷ வேலை போகும், ஜெயிலும் வரும். அது மட்டுமில்லை, புருஷன் ஆலைக்காகக் காட்டிக்கொடுத்தாள் என்று என்னை ஊரே பேசும். வாயை மூடிக்கொண்டு டைப் அடித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பதிவேட்டில் நிமிஷம் சார் எழுதிவிட்டால், அதன்பிறகு யாரும் கண்ணைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அவர் எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. பகல் ஒரு மணிக்குத் துறைமுக டாக்டர் வந்து, அதே வரியில் ஆள் கணக்குக்கு எதிரே, 'பத்தொன்பது பேர், எல்லாரும் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சூடாகக் காபி குடித்தார். தண்ணீர்க்காரர் நாலாம் ஜெட்டிக்கு நாற்பது டன் நல்ல தண்ணீர் கொடுத்ததாகச் சீட்டு அனுப்பினார். நிமிஷம் சார் ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்த்தார். வராத கப்பலில் ஆட்கள் நலமாக இருந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். 

நாலு மணிக்குக் குன்றுக்காரர் கூப்பிட்டார். அவர் பார்த்த கப்பல்களின் பட்டியலையும் எங்கள் பதிவேட்டையும் தினமும் அந்த நேரத்தில் ஒத்துப்பார்ப்பது வழக்கம். பட்டியலில் இருந்து பதிவேட்டில் இல்லாவிட்டால் தேடுவதற்குப் படகு போகும். எங்கள் தொலைபேசி அடுத்த அறைவரை கேட்கும்படி கத்தும். அதனால் எனக்கும் முழுதாகக் கேட்டது.

"அந்த நூல் கப்பல் உள்ள வந்துடுச்சா சார்?"

ஏஜென்ட் எதிரே உட்கார்ந்திருந்தார். நிமிஷம் சார், "வந்துடுச்சு" என்றார்.

"அப்ப சரி. வெளியில எங்கயோ விட்டு விட்டு ஊதல் சத்தம் கேக்குது. என் லிஸ்ட்ல எல்லாம் உள்ள வந்தாச்சே, இது யாருன்னுதான் தெரியல."

தொலைபேசியை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது. அந்தக் கப்பலின் வயர்லெஸ் பாதி நாள் வேலை செய்யாது என்று மாப்பிள்ளை சொல்லிச் சிரித்தது எனக்கே நினைவு வந்தது. அவருக்கு வராமலா இருக்கும்?

"பனியில எல்லாக் கப்பலும்தான் ஊதும்" என்றார் ஏஜென்ட். "நங்கூரம் போட்டு நிக்கிறாங்க. காலையில வந்துடும்."

காலையில் வரவில்லை. பனியும் விலகவில்லை. பத்து மணிக்குக் குன்றுக்காரர் தானாகவே கூப்பிட்டார்.

"சார், ஊதல் ராத்திரியோட நின்னுபோச்சு. இப்ப யாரோ தகரம் தட்டுற மாதிரி இருக்கு. பாத்திரம் மாதிரி. கொஞ்சம் தட்டும், நிக்கும், மறுபடி தட்டும். உங்க லிஸ்டை ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த ஏஜென்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மெதுவாகச் சொன்னார். "இப்ப வாயைத் திறந்தா நீங்களும் நானும் உள்ள போவோம். மில்லும் மூடிடும். உங்க தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பீங்க?"

நிமிஷம் சார் பதிவேட்டைத் திறந்தார். மனப்பாடமாகத் தெரிந்த வரியை விரல் வைத்துப் பார்த்தார். "எல்லாரும் உள்ள வந்தாச்சுங்க" என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதாவது நான் அந்தத் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு யார் யாரையோ திட்டுகிறேன், இரண்டு அரசாங்கத்தையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன். தொலைபேசி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. கட்டிய கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது கயிறு முறுக்கி முனகும் சத்தம். துறைமுகத்தில் வேலை செய்கிறவளுக்கு அது பழகிய சத்தம்தான், காதில் விழாமலே போய்விடும். ஆனால் அந்த வாரம் எங்கள் பக்கம் வேறு கப்பலே கட்டவில்லை. சத்தம் நாலாம் ஜெட்டியிலிருந்து வந்தது.

புதன்கிழமை தண்ணீர்க்காரர் வந்து என் மேஜை ஓரத்தில் நின்றார். முக்காலியை விட்டு எழாமலேயே சீட்டு எழுதுகிற ஆள் என்று பேர் வாங்கியவர்.

"நிஜமாவே போனேங்க" என்றார். "நேத்து. மனசு கேக்காம குழாயை இழுத்துக்கிட்டுப் போனேன். பனியில ஒண்ணும் தெரியல. மேல நீட்டினேன், யாரோ வாங்கிக்கிட்டாங்க. கை பட்டுச்சு. ரொம்பச் சில்லுனு இருந்துச்சு."

"தண்ணி போச்சா?"

"போச்சு. எங்க போச்சுன்னு தெரியல."



மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் தங்கை வந்தாள். இரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அண்ணன் எதிரே நின்று, சத்தம் போடாமல் பேசினாள்.

"அண்ணா, வேலை விட்டதும் ரெண்டு நாளா நாலாம் ஜெட்டிக்குப் போறேன். அவரு அங்க இருக்காரு. தாளிக்கிற வாசம் வருது. இருமுறாரு. கூப்பிட்டா பதில் மட்டும் சொல்ல மாட்டேங்குறாரு."

அவர் என்னைப் பார்த்தார். "நீயும் வாம்மா" என்றார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று அப்போது புரியவில்லை. சாட்சிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று பேரும் பனிக்குள் நடந்தோம். ஜெட்டிக்குப் போகப்போக அந்த முனகல் பெரிதானது. கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். கயிறு இல்லை. ஆனால் நாள் கணக்கில் கயிறு இழுபட்டால் இரும்பு எப்படித் தேய்ந்து பளபளக்குமோ அப்படிப் பளபளத்தது, ஈரம் சொட்டியது. அதற்கு அப்பால் தண்ணீர் இருக்க வேண்டும். வெள்ளையாகப் பனிதான் இருந்தது. அந்தப் பனிக்குள் உயரமாக ஒன்று நிற்பதுபோல் ஒரு பக்கம் காற்றே இல்லை. வெங்காயம் வதங்கும் வாசனை வந்ததா என்று கேட்டால், வந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

நிமிஷம் சார் குனிந்து கட்டையின் மேல் கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "கயிறு இல்ல" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி நடந்தார். நான் பக்கத்திலேயே போனேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

தங்கைக்கும் அது தெரியும். அண்ணன் உதடு அசைந்தால் என்ன எழுதப்போகிறார் என்று தெரிந்து, ஓடி வந்து அலுவலக வாசலில் மறித்தாள். அவர் ஒதுங்கி உள்ளே போய்ச் சிவப்பு மையை எடுத்தார். அவள் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதண்ணா. எழுதியிருக்கிற வரைக்கும்தான் அவரு இங்க இருக்காரு. அடிச்சா இல்லாமப் போயிடுவாரு."

"அவரு வெளியில இருக்காரும்மா. பாத்திரத்தைத் தட்டிக்கிட்டிருக்காரு. ரெண்டு நாளா எனக்குத் தெரியும்."

அவள் பிடி தளர்ந்தது. எங்கள் பதிவேட்டில் பிழையை அழிக்கக் கூடாது. கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். அளவுகோல் வைத்துப் போட்டார். ஓரத்தில், 'இந்தக் கப்பல் வரவில்லை. நான் பார்க்காமல் எழுதினேன். நேரம் மூன்று பதினேழு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொலைபேசியை எடுத்துக் குன்றுக்காரரிடம் சொன்னார். அவர் பேசி முடித்தபோதுதான் கவனித்தேன், வெளியே கயிற்றின் முனகல் நின்றிருந்தது. தங்கை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பனி விலகியது. நாலாம் ஜெட்டியில் வெறும் தண்ணீர். தேடப்போனவர்கள் மத்தியானம் ஒரு உயிர்ப்படகை இழுத்து வந்தார்கள். அதில் ஆறு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் உயிர் இல்லை. கப்பல் பாறையில் தட்டி, திங்கள் ராத்திரி மூழ்கியிருக்கிறது. மற்ற பதின்மூன்று பேர் கிடைக்கவே இல்லை. படகில் இருந்தவர்களில் கடைசி ஆள் இறந்து ஒரு நாள் ஆகியிருக்காது என்று வெளியூரிலிருந்து வந்த டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி ஆள் மாப்பிள்ளை. மடியில் ஒரு பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது. கையில் கரண்டி. கரண்டியின் தலை அடித்து அடித்து மடங்கிப்போயிருந்தது. அதைத் தங்கையிடம் கொடுத்தார்கள். அவள் அதை நிமிர்த்த முயன்றுகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஆலை அந்த வாரமே மூடப்பட்டது. நிமிஷம் சாருக்கும் ஏஜென்டுக்கும் ஒரு வருஷம் ஜெயில். டாக்டருக்கு இடமாற்றம். நூற்பாலையில் மூன்று ஷிப்ட் ஓடியது, என் வீட்டுக்காரர் முழுச் சம்பளத்தோடு வந்து நின்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் உடையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது, காரணம் அவரிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து இரண்டு நாட்டு மந்திரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நூலுக்குப் பழையபடி ஐந்து, மரத்துக்கும் பழையபடி. அந்த அறிவிப்பையும் நான்தான் டைப் அடித்தேன்.

நிமிஷம் சார் ஜெயிலிலிருந்து வந்து தங்கை வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். அவள் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. தினமும் மத்தியானம் அவர் நாலாம் ஜெட்டிக்கு வருவார். கட்டையருகே நின்று பார்ப்பார். கடிகாரம் பார்ப்பார். உதடு அசைய எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார். எழுதுவதற்கு அவரிடம் பதிவேடு இல்லை. இப்போது யாரும் அவரை வழிமறித்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை.

பதிவேடு என்னிடம் வந்துவிட்டது. நானும் ஜெட்டிவரை நடந்துபோய்ப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை தங்கை வருவாள். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொள்வாள்.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிங்களேன்."

அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு அடையாளம் தேவையில்லை. "நாலாம் ஜெட்டி. பதினொன்று ஐம்பத்திரண்டு" என்று படிப்பேன்.

"எத்தனை பேரு?"

"பத்தொன்பது பேர்."

"எப்படி இருக்காங்கன்னு போட்டிருக்கு?"

"எல்லாரும் நலம்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். வெளியே எங்கேயோ கயிறு முனகும். எந்தக் கப்பல் என்று நாங்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு, "வரேங்க" என்று எழுந்து போவாள். ஓரத்தில் சிவப்பில் எழுதியிருப்பதை நான் இதுவரை படித்ததில்லை, அவளும் கேட்டதில்லை.